பேர் வெட்டிய பாத்திரம்

புதுச்சத்திரத்தில் முருகானந்தத்தின் வீட்டுக்கு மொத்தம் இரண்டு அறைகள். ஒன்றில் அவரும் மனைவி கமலவேணியும் படுத்தார்கள். இன்னொன்றில் பாத்திரங்கள் இருந்தன. மகள் தேவிப்ரியா கூடத்தில் டிவிக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தாள்.

மூன்று வருசமாக இப்படித்தான். காலையில் பால்காரர் வருவதற்குள் எழுந்து பாயைச் சுருட்டிவிட வேண்டும். அப்பாவைத் தேடி யாராவது வந்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விட வேண்டும். உடுப்பு மாற்றக் குளியலறை. துணிமணியெல்லாம் பிரிட்ஜின் மேல் ஒரு சூட்கேஸிலும், பக்கத்தில் இரண்டு கட்டைப் பைகளிலும். இருபத்தொன்பது வயது. நாமக்கல் போகிற வழியில் ஒரு கோழித்தீவன ஆலையில் சோதனைக்கூட வேலை. வருகிற மக்காச்சோளத்தில் ஈரம் எவ்வளவு, பூசணம் இருக்கிறதா என்று பார்த்து அவள் கையெழுத்துப் போட்டால்தான் லாரியிலிருந்து மூட்டை இறங்கும். அங்கே அப்படி. வீட்டுக்கு வந்தால் கைப்பையை எங்கே வைப்பது என்று ஒரு கணம் நிற்பாள். அந்த ஒரு கணத்தைக் கமலவேணி தினமும் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தோசை மாவைக் கலக்கப் போனாள்.

பாத்திரங்களும், கூடவே கிடந்த கட்டிலும் பீரோவும் தேவிப்ரியாவின் கல்யாணச் சீர். தம்மம்பட்டியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பதினாலு மாதம் அங்கே இருந்தாள். ஒரு சாயங்காலம் கைப்பையோடு பஸ்ஸில் வந்து இறங்கி, "இனி அங்க போகலம்மா" என்றாள். ஏன் என்று கமலவேணி கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். ஆனால் எதையும் கேட்பதற்கு முன்னால் வெகுநேரம் பேசாமல் இருப்பது கமலவேணியின் பழக்கம். அப்படி இருக்கையிலேயே கேட்க வேண்டிய நேரம் கடந்து போய்விடும்.

கோர்ட்டில் எல்லாம் முடிந்தபின் சீர் திரும்பி வந்தது. இரு பக்கத்துப் பெரியவர்களும் தம்மம்பட்டி வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பழைய சீர்ப் பட்டியலை உரக்கப் படித்து ஒவ்வொன்றாக டிக் அடித்தார்கள். முருகானந்தத்தின் அக்கா ராஜம்மாள் ஓர் இட்லிச் சட்டியின் மூடிக்காக அரை மணி நேரம் சண்டை பிடித்து, ஜெயித்து, மூடியை மடியில் வைத்துக்கொண்டே லாரியில் ஏறினாள். தேவிப்ரியாவை யாரும் கூப்பிடவில்லை. அன்றைக்கு அவள் வேலைக்குப் போயிருந்தாள்.

எல்லாப் பாத்திரத்திலும் பேர் வெட்டியிருந்தது. கடைக்காரர் மின்சாரப் பேனாவால் புள்ளி புள்ளியாக வெட்டிய பேர்: தேவிப்ரியா – யோகேஷ். அண்டாவில், தவலையில், குடத்தில், தூக்குப்போசியில். இடம் போதாத கரண்டிக் காம்புகளில் வெறும் 'தே – யோ'. எடுத்துப் புழங்க மனசு வரவில்லை. யாருக்காவது கொடுக்கவும் வாய் வரவில்லை. "நாளைக்கு ஒரு நல்லது நடந்தா ஆகுமில்ல" என்று சொல்லி முருகானந்தம் பூட்டிவிட்டார்.

கமலவேணி சோம்பேறி என்று யாரும் சொல்லமுடியாது. வருசா வருசம் பொங்கல் நோம்பிக்கு முன்னால் வீட்டை ஒட்டடை அடித்து, சுண்ணாம்பு பூசி, பரண் வரைக்கும் இறக்கிக் கழுவி ஏற்றுவாள். அந்தக் கதவருகே வந்ததும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, 'இதை நாளைக்குப் பாத்துக்கலாம்' என்று திரும்பிவிடுவாள். மூன்று நோம்பி அப்படிப் போனது. அறையைக் காலி செய்தால், மகள் இனி இங்கேதான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. அந்தப் பயத்துக்கு அவள் 'நேரமில்லை' என்று பேர் வைத்திருந்தாள்.

போகிக்கு மூன்று நாள் இருக்கையில், ஞாயிற்றுக்கிழமை, ராஜம்மாள் ராசிபுரத்திலிருந்து வந்தாள். ஞாயிறானாலும் ஆலை உண்டு; தேவிப்ரியா வேலையில் இருந்தாள். வந்தவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் அந்த அறையைத் திறக்கச் சொன்னாள்.

"தொற கமலா, ஒரு பார்வ பாத்துக்கறேன்."

திறந்ததும் உள்ளே தலையை நீட்டிச் சுற்றிப் பார்த்தாள். அண்டாவின் விளிம்பில் விரலை ஓட்டினாள்.

"அப்படியே இருக்குது பாரு. ஒரு நெளிசல் உண்டா? அன்னிக்கு நாஞ் சண்ட போடலீன்னா அந்த மூடி வந்திருக்குமா?"

"என்ன விசயமுங்க அண்ணி?"

"ஆத்தூர்ப் பக்கம் ஒரு எடம். தண்ணிக்குப் போர் போடற வண்டி வெச்சிருக்கறாங்க. சம்சாரம் தவறி ரெண்டு வருசமாச்சு. நாப்பத்திரெண்டு வயசு, ஒரு பொம்பளப் புள்ள. கெட்ட பழக்கம் ஒண்ணுங் கெடையாது." ராஜம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "நம்ம புள்ளையப் பத்திச் சொன்னன். சித்தெ யோசன பண்ணுனாங்க. அப்பறம், சீர்ச் சாமானம் முழுசும் புழங்காம அப்படியே இருக்குதுன்னு சொன்னன். சரின்னுட்டாங்க."

கமலவேணி அறைச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"மாட்டுப் பொங்கலன்னிக்கு வாராங்க. பொண்ணையும் பாத்துக்குவாங்க, சாமானத்தையும் பாத்துக்குவாங்க. அந்தப் பேரு மட்டுந்தான் இடைஞ்சல். ஏன்டா முருகா, உம் பட்டறையில இரும்பு தேய்க்கற கிரைண்டர் இருக்குதில்ல? ஒரு தேய்ப்புத் தேய்ச்சுரு."

"தேவிகிட்ட ஒரு வார்த்த..." என்றார் முருகானந்தம்.

"அவகிட்ட நோம்பியன்னிக்குச் சொல்லிக்கலாம். முன்னாடியே சொன்னா ஆலையில லீவு இல்லைன்னு ஓடிருவா."

அடுத்த மூன்று நாளும் கமலவேணிக்குள் ஒரே கேள்விதான் சுற்றிச் சுற்றி வந்தது. யோசனை பண்ணினார்கள், அப்புறம் சரி என்றார்கள். சரி என்றது மகளைப் பற்றிக் கேட்டா, அண்டாவைப் பற்றிக் கேட்டா? அரிசி களைகையில் கேட்டுக்கொண்டாள். துணி உலர்த்துகையில் கேட்டுக்கொண்டாள். வாய் திறந்து கேட்கவில்லை.

போகியன்று பட்டறை லீவு. முருகானந்தம் முப்பது வருசமாக நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறவர். கிரைண்டரைத் துணிப்பையில் போட்டு முந்தின நாளே கொண்டுவந்து வைத்திருந்தார். காலைச் சாப்பாடு முடிந்ததும் கூடத்திலிருந்து வயரை இழுத்து, வாசல் வேப்பமரத்தடியில் சாக்கு விரித்து உட்கார்ந்தார். ஒரு குடத்தைக் காலிடுக்கில் கவ்வி, பேர் இருந்த இடத்தில் டிஸ்க்கை வைத்தார். பொறி பறந்தது. மூன்று விநாடிகூட ஆகவில்லை, நிறுத்திவிட்டுக் குடத்தைத் தூக்கிப் பார்த்தார்.

கமலவேணியும் வந்து பார்த்தாள். பேர் இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு நீலமும் மஞ்சளுமாகத் தீய்ந்த வடு ஒன்று இருந்தது.

"தேவி பேரு எங்கீங்க?"

"ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்குதில்ல... இது சேஸிஸ் தேய்க்கற டிஸ்க்கு. ஒரு பேர மட்டும் எடுக்கோணும்னா ஆகாது."

"அவ பேரும் போயிருச்சா?"

"புதுசா வெட்டிக்கலாம் கமலா. கடையில வெட்டித் தருவாங்க. புதுப் பேரோட சேத்து."

அடுத்து ஒரு பருப்புக் குண்டாவை எடுத்தார். இந்த முறை பையத் தொட்டார். எவர்சில்வர் தகடு லாரி இரும்பு போலத் தாங்குமா? டிஸ்க் உள்ளே இறங்கிவிட்டது. குண்டாவின் பக்கத்தில் விரல் நுழைகிற ஓட்டை. அந்த ஓட்டை வழியாக வெயில் சாக்கின் மேல் விழுந்தது.

முருகானந்தம் அதை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்து, "இது கொஞ்சம் மெல்லிசு" என்றார்.

கமலவேணி கூடத்துக்குப் போய் ஸ்விட்சை அணைத்தாள். பிறகு அறையைத் திறந்து, கைக்கு முதலில் அகப்பட்ட இட்லிச் சட்டியை மூடியோடு தூக்கி வந்து வாசலில் வைத்தாள். திரும்பிப் போய் ஒரு தவலையை உருட்டி வந்தாள்.

"என்ன பண்றே?"

"காலி பண்றேன்."

"நோம்பி நாளும் அதுவுமா?"

"நோம்பிக்குத்தானுங்க எல்லாரும் காலி பண்றது."

பொழுது சாய்வதற்குள் முடித்தாக வேண்டும். வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்த்துக் கட்டிய காப்பை வாசல் நிலையில் செருகிவிட்டால், முருகானந்தம் வீட்டு வழக்கப்படி நோம்பி முடிகிற வரை எந்தப் பொருளும் வெளியே போகக் கூடாது. பக்கத்து வீட்டுக்கு உறைமோர்கூடக் கொடுக்கமாட்டார்கள். இன்றைக்குப் போகாவிட்டால், மாட்டுப் பொங்கலன்று வருகிறவர்கள் பார்த்துச் சந்தோசப்பட எல்லாம் அங்கேயே இருக்கும்.

தூசி தொண்டையில் அடைத்தது. தட்டுகளுக்கு இடையில் வைத்திருந்த செய்தித்தாள் கையில் பொடிந்தது. முதல் பத்துப் பாத்திரம் வரைக்கும் ஒவ்வொன்றையும் வாங்கிய நாள் ஞாபகம் வந்தது. இந்தத் தாம்பாளத்துக்காகச் சேலம் கடைவீதியில் எத்தனை கடை ஏறி இறங்கினோம். அதற்கு மேல் ஞாபகம் எதுவும் வரவில்லை. கனம்தான் தெரிந்தது. இந்தக் கனத்துக்கா இத்தனை நாள் பயந்தோம் என்று அவளுக்கே கோபம் வந்தது. கோபம் வந்ததும் வேலை வேகமாக நடந்தது.

சமையல் வேலைக்குப் போகிற சின்னாயிக்குப் போன் போட்டாள். காதுகுத்து, வளைகாப்பு என்றால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் சின்னாயிதான். அவள் லோடு ஆட்டோவோடு வந்து இறங்கி, வாசலில் பரப்பி வைத்திருந்ததைப் பார்த்து இடுப்பில் கை வைத்தாள்.

"ஏனுங்க, பாத்திரக்கடை ஏதாச்சும் வெக்கறீங்களா?"

"எல்லாம் எடுத்துட்டுப் போ சின்னாயி. பேரு மட்டும் வெட்டியிருக்குது, அதான்..."

"இருந்துட்டுப் போகுதுங்க. எங்கிட்ட இருக்கற அத்தன அண்டாலயும் ஆராச்சும் ஒரு சோடி பேரு இருக்குது. அதுல பாதிச் சோடி இப்ப மூஞ்சியே பாத்துக்கறதில்ல. அதுக்காகச் சோறு வேகாமயா போச்சு?"

கமலவேணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரத்தில் ஸ்கூட்டர் வந்து நின்றது. ஆலையில் அன்றைக்கு அரை நாள்.

தேவிப்ரியா இறங்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். வரிசையாகத் துடைத்து வைத்த பாத்திரங்கள். சாக்கின் மேல் கிரைண்டர். பேர் தீய்ந்த குடம்.

"எப்ப வாராங்க?" என்றாள்.

சின்னாயி ஒரு சொம்பை எடுத்து உள்ளே உற்றுப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கெழமை அத்தை வந்துட்டுப் போனாங்கன்னு கேட்டபோதே நெனச்சேன். தொடச்சு வெச்சு, பேரையும் அழிச்சாச்சா? என்னையும் ஒட்டுக்கா தொடச்சு வெச்சுருங்க."

கமலவேணிக்கு வழக்கம்போல நாக்கு உள்ளே போனது. இப்போதும் பேசாமல் நின்றால் மகள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள் என்று தெரிந்தது.

"ஆரும் வரப் போறதில்ல சாமி. இதெல்லாம் சின்னாயி எடுத்துட்டுப் போறா. அந்த ரூமு உனக்கு."

மகள் முகம் மலரும் என்று எதிர்பார்த்தாள். மலரவில்லை.

"ஆரைக் கேட்டு?"

"என்ன கண்ணு?"

"என் சாமான்தானம்மா அது? எல்லாத்துலயும் எம் பேருதான் மொதல்ல வெட்டியிருக்குது. திருப்பி வாங்கப் போனபோது என்னைக் கேக்கல. பூட்டி வெச்சபோது கேக்கல. அத்தை பேசி முடிக்கும்போதும் கேக்கல. இன்னிக்குத் தூக்கிக் குடுக்கும்போதும் கேக்கல. நீயுங் கேக்கலயேம்மா."

வேப்பமரத்தில் ஒரு காகம் கத்தி ஓய்ந்தது. கமலவேணி சேலை முந்தானையால் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே திரும்பத் துடைத்தாள்.

"இப்பக் கேக்கறேன்" என்றாள். "எது இருக்கோணும், எது போகோணும்? நீ சொல்லு. நீ பஸ்ஸ உட்டு எறங்குன அன்னிக்கு ஏன் வந்தேன்னும் கேட்டிருக்கோணும். அதையுங் கேக்கறேன்."

தேவிப்ரியா ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு இறங்கினாள். துப்பட்டாவை இடுப்பில் இழுத்துக் கட்டினாள்.

"அதை இன்னொரு நாளைக்குச் சொல்றேன். மொதல்ல இது."

ஆலையில் சோளத்தை எப்படிப் பார்ப்பாளோ அப்படித்தான் பார்த்தாள். ஒரு பார்வை, ஒரு கையசைப்பு. போகட்டும். போகட்டும். மிக்ஸி அடுப்படிக்கு. பீரோ இருக்கட்டும், கண்ணாடி நன்றாக இருக்கிறது. இட்லிச் சட்டியைப் பார்த்து, "இதுக்குத்தான சண்ட போட்டாங்க? போகட்டும்" என்றாள். சின்னாயியின் ஆட்டோ முதல் நடை போனது.

கமலவேணி போனை எடுத்து ராசிபுரத்துக்குப் போட்டாள். சுருக்கமாகத்தான் பேசினாள்.

"அண்ணி, சீர்ச் சாமானமெல்லாம் போகுதுங்க. ஆத்தூர்க்காரங்கள வர வேண்டாம்னு சொல்லிருங்க."

அந்தப் பக்கத்துக் குரல் வாசல் வரைக்கும் கேட்டது. கமலவேணி போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்து, பேசி முடிக்கும் வரை காத்திருந்து, வைத்துவிட்டாள்.

கடைசியாகக் கட்டில். லாரிக்குப் போடுகிற சதுரக் குழாயில், பதினைந்து நாள் பட்டறை வேலை முடிந்தும் அங்கேயே தங்கி முருகானந்தம் தன் கையால் செய்த இரட்டைக் கட்டில். அறையில் முக்கால்வாசியை அதுதான் அடைத்திருந்தது. மூன்று பேரும் சேர்ந்து வாசலுக்கு இழுத்து வந்தார்கள்.

"இதுவும் போகட்டுமா?" என்று கேட்டார். மகளைப் பார்க்காமல் கட்டில் காலைப் பார்த்துக் கேட்டார்.

"நல்ல கட்டிலுப்பா. பாதி போதும்."

"பாதியா?"

"ஒத்தக் கட்டிலா வெட்டிக் குடுங்க. மிச்ச எடத்துல மேசை போட்டுக்கறேன்."

முருகானந்தம் டேப்பால் அளந்தார். சாக்பீஸால் கோடு போட்டார். அழித்துவிட்டு மறுபடியும் அளந்தார். மூன்றாவது தடவை அளக்கிறபோது ராஜம்மாள் நாமக்கல் போகிற பஸ்ஸிலிருந்து இறங்கி வேகமாக வந்துகொண்டிருந்தாள்.

"டேய் முருகா! கைய எடுடா!"

வாசலில் பாதிக்கு மேல் காலியாக இருந்தது. ராஜம்மாளின் கண் தேடியது.

"இட்லிச் சட்டி எங்க?"

"மொத நடையிலயே போயிருச்சுங்க" என்றாள் கமலவேணி.

"உனக்குப் புத்தி கித்தி பெசகிப் போச்சா? கல்யாணக் கட்டில வெட்டுவாங்களாடா? எங்கயாச்சும் கேள்விப்பட்டிருக்கியா? ஒத்தக் கட்டில் போட்ட ஊட்டுக்கு எவன்டா பொண்ணு கேட்டு வருவான்?"

"அதுக்குத்தானுங்க அண்ணி."

ராஜம்மாள் திரும்பி அவளைப் பார்த்தாள். முப்பது வருசத்தில் 'சரிங்க அண்ணி' என்பதைத் தவிர வேறு எதையும் அந்த வாயிலிருந்து கேட்டதில்லை.

"ஊர்ல என்ன பேசுவாங்கன்னு தெரியுமா உனக்கு?"

"மூணு வருசமா பேசிட்டுத்தானுங்க இருக்கறாங்க. பேசறவங்க ஆரும் கூடத்துல படுக்கறதில்ல. எம் மகதான் படுக்கறா."

"நான் என்ன இவளுக்குக் கெட்டதா நெனச்சேன்? எனக்கு அப்பறம், உங்களுக்கு அப்பறம், இவளுக்கு ஆரு?"

அதில் பொய் இல்லை என்று கமலவேணிக்குத் தெரியும். அதே பயம்தானே அவளையும் மூன்று வருசம் அந்தக் கதவுக்கு வெளியே நிறுத்தியது.

"அது எனக்குத் தெரியாதுங்க. ஆனா அண்டா துணைக்கு வராது. அது தெரியும்."

"முருகா, நீ சொல்லுடா. நீதானடா இந்த ஊட்டுக்குப் பெரியவன்?"

முருகானந்தம் அக்காவைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மகள் கட்டிலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"அக்கா, சித்தெ தள்ளி நில்லு. பொறி சீலையில பட்டுரும்."

குழாய் இரும்பு. அதற்கென்றே பிறந்த கை. சாக்பீஸ் கோட்டில் டிஸ்க் ஒரு நூல் பிசகாமல் போனது. கமலவேணி நடுச்சட்டத்தை அழுத்திப் பிடித்திருந்தாள். அதிர்வு முழங்கை வரை ஏறியது. பொறி புறங்கையில் சுருக்கென்று பட்டது. விடவில்லை. நான்கு இடத்தில் அறுத்து, வெட்டிய பாதியிலிருந்தே இரண்டு காலை எடுத்து, பக்கத்துத் தெரு வெல்டிங்காரரிடம் மெஷின் வாங்கிவந்து முருகானந்தம் பற்றவைத்தார். அதற்குள் சின்னாயி வந்து இரண்டாம் நடை ஏற்றிக்கொண்டு போனாள். வாசலில் ஓட்டை விழுந்த குண்டாகூட மிச்சமில்லை.

சூடு ஆறியதும் தேவிப்ரியா கட்டிலை ஒற்றை ஆளாகவே உள்ளே இழுத்துக்கொண்டு போய் ஜன்னலை ஒட்டிப் போட்டாள். கழுவிய சிமெண்டுத் தரை இன்னும் காயவில்லை. பேசினால் எதிரொலித்தது.

ராஜம்மாள் அறை வாசலில் வந்து நின்றாள். குரல் இறங்கியிருந்தது.

"மாட்டுப் பொங்கலன்னிக்கு அவங்க வந்து நின்னா நான் என்ன சொல்லட்டும்? அதையாச்சும் சொல்லு."

"சாமானம் இல்லைன்னு சொல்லுங்க அத்தை. வரமாட்டாங்க."

சொல்லிவிட்டுத் தேவிப்ரியா கட்டிலைக் கையால் அழுத்திப் பார்த்தாள். கட்டில் ஒரு பக்கம் லேசாக ஆடியது. வெளியிலிருந்தே சத்தத்தைக் கண்டுகொண்ட முருகானந்தம், "ஒரு காலு கொறையுதாட்டம் இருக்குது, கொண்டா, சரி பண்ணித் தாரேன்" என்றார்.

"இருக்கட்டும்ப்பா" என்ற தேவிப்ரியா கதவைச் சாத்தினாள்.

மூன்று பேரும் சாத்திய கதவைப் பார்த்து நின்றார்கள். உள்ளே கட்டில் ஒரு முறை கிறீச்சிட்டது. அப்புறம் சத்தமே இல்லை. ராஜம்மாள் பொறுக்கமுடியாமல் கையை உயர்த்தினாள்.

"தட்டாதீங்க அண்ணி" என்றாள் கமலவேணி.